புற்றுநோய் மரபியலில் ‘போஸ்ட் டாக்’: அங்கே என்னதான் கற்கிறார்கள்?

முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் ‘போஸ்ட் டாக்’ செய்ய வெளிநாடு போகிறார் என்றதும் உறவினர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, “இன்னும் எத்தனை வருஷம் படிக்கணும்?” என்பதுதான். அவர் சேரப்போவது புற்றுநோய் மரபியல் ஆய்வகம் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி சற்றுத் தாழ்ந்த குரலில் வரும்: “அது பரம்பரையா வர்ற நோய்தானே?” இரண்டு கேள்விகளுமே ஒவ்வொரு தவறான எண்ணத்தின் மேல் நிற்கின்றன. போஸ்ட் டாக் என்பது படிப்பு அன்று. புற்றுநோய் மரபியல் என்பது பரம்பரைப் புற்றுநோயை மட்டும் ஆராயும் துறையும் அன்று.

தமிழில் இதற்கு ‘முனைவர் பட்ட மேலாய்வு’ என்ற பெயர் வழங்குகிறது. இக்கட்டுரையில் அதைச் சுருக்கமாக மேலாய்வு என்றும், அதைச் செய்பவரை மேலாய்வாளர் என்றும் குறிப்பிடுகிறேன். மேலாய்வில் என்ன நடக்கிறது என்பது புரிய வேண்டுமானால், முதலில் புற்றுநோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு தெளிவாக வேண்டும். அதற்கு உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும்.

மரபணுக் கோளாறு வேறு, பரம்பரை நோய் வேறு

டிஎன்ஏ என்பது நம் செல்களுக்குள் சுருண்டு கிடக்கும் நீண்ட இழை. ஏ, டி, ஜி, சி என்று பெயரிடப்பட்ட நான்கு வேதி எழுத்துகள் பல்வேறு வரிசைகளில் கோக்கப்பட்டு அது உருவாகியிருக்கிறது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என நமக்கு இரண்டு தொகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அந்த இழையில், ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய பகுதியே மரபணு. மனிதரிடம் இப்படிச் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்த முழு ஏட்டையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறிப்போவதும், சில எழுத்துகள் விடுபடுவதும், ஒரு பத்தியே இடம் பெயர்ந்து வேறெங்கோ ஒட்டிக்கொள்வதும் உண்டு. புகையிலைப் புகை, புற ஊதாக் கதிர் போன்றவையும் எழுத்துகளைச் சிதைக்கும். இவ்வாறு நேரும் மாற்றத்துக்குப் பிறழ்வு என்று பெயர். பெரும்பாலான பிறழ்வுகளால் ஒன்றும் ஆவதில்லை.

இப்போது தொட்டிக்கு வருவோம். கீழே ஒரு மோட்டார், அதற்கு ஒரு சுவிட்ச். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவதற்கு உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. அது பழுதானாலும் காப்பாற்றுவதற்கு இன்னொரு மிதவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பி வழிவதுதான் புற்றுநோய், அதாவது செல்கள் நிறுத்தமின்றிப் பெருகுவது.

தொட்டி வழிவதற்கு ஒரு வழி, சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் சிக்கிக்கொள்வது. செல்லைப் பெருகத் தூண்டும் மரபணு ஒன்று பிறழ்ந்து, அணைக்க முடியாதபடி ஆகிவிட்டால் அதை ஆன்கோஜீன் என்பார்கள். 1982-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களில் ராஸ் என்னும் மரபணுவை ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தன. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’, மாறியிருந்தது. சுவிட்ச் சிக்கிக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

மற்றொரு வழி, இரண்டு மிதவைகளும் பழுதாவது. செல் பெருக்கத்தை நிறுத்தும் வேலையைச் செய்பவை கட்டி ஒடுக்கும் மரபணுக்கள். அவை ஒவ்வொன்றுக்கும் தாய்வழிப் படி ஒன்றும் தந்தைவழிப் படி ஒன்றும் இருப்பதால், ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். இவை தவிர, டிஎன்ஏவில் ஏற்படும் உடைப்புகளைத் தேடிச் சரிசெய்யும் மரபணுக்களும் உள்ளன. அவற்றை அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகும் பிளம்பர் என்று வைத்துக்கொள்ளலாம். மார்பகப் புற்றுநோய் தொடர்பாகச் செய்திகளில் அடிபடும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய இரண்டும் இந்தப் பிளம்பர் வகை. பிளம்பர் வருவதை நிறுத்திவிட்டால் அன்றே தொட்டி வழிவதில்லை. ஆனால் சின்னச் சின்னப் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும்.

இந்தப் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில், ஏதோ ஓர் உறுப்பின் ஏதோ ஒரு செல்லில் நேர்பவை. அவற்றுக்கு உடற்செல் பிறழ்வு என்று பெயர். அவை பிள்ளைகளுக்குப் போகாது. கருமுட்டை அல்லது விந்தணு வழியாக வந்து உடலின் எல்லாச் செல்களிலும் பிறப்பிலிருந்தே இருப்பவை பிறவிப் பிறழ்வுகள். எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 சதவீதமே இவ்வகைப் பிறவிப் பிறழ்வோடு வலுவாகத் தொடர்புடையவை. அதிலும் பரம்பரையாக வருவது புற்றுநோய் அன்று. வீடு கட்டும்போதே ஒரு மிதவை பழுதாகிப்போன தொட்டிதான் வருகிறது. இன்னொரு மிதவை பழுதாகும் வரை அந்த வீட்டில் தண்ணீர் வழியாது. சிலர் வீட்டில் கடைசி வரை வழியாமலே இருந்துவிடும்.

இதுவரை சொன்னதைத் திரும்பப் பார்த்தால்: எல்லாப் புற்றுநோயும் மரபணுக் கோளாறே, ஆனால் மிகச் சிலவே பரம்பரை. புற்றுநோய் மரபியல் இரண்டையும் ஆராய்கிறது.

48 குழந்தைகளும் ஒரு வரைபடமும்

இரண்டு மிதவைக் கணக்கு முதலில் வந்தது நுண்ணோக்கியிலிருந்து அன்று. ஆல்ஃபிரட் நட்சன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், விழித்திரையில் கட்டி வரும் ரெட்டினோபிளாஸ்டோமா நோயால் பாதிக்கப்பட்ட 48 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வயதில் நோய் தெரிந்தது என்று வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்களிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு அது மிக இளம் வயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக வந்திருந்தது. முதல் கூட்டத்தின் கோடு ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தது போலவும், இரண்டாவது கூட்டத்தின் கோடு இரண்டு நிகழ்ச்சிகளுக்காகக் காத்திருந்தது போலவும் அமைந்தது. 1971-இல் அவர் வெளியிட்ட இந்தக் கருத்துக்கு ‘இரு அடிக் கோட்பாடு’ (மரபணுவின் இரண்டு படிகளும் அடிபட வேண்டும் என்பது பொருள்) என்று பெயர். அந்த மரபணு எது, எங்கே இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது கையில் கிடைக்க 15 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையில் ஒரு மேலாய்வாளர் வருகிறார். அவரைப் பிறகு சந்திப்போம்.

ஜூனியர் வக்கீலும் மேலாய்வாளரும்

சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்ட ஒருவரை மாணவர் என்று யாரும் சொல்வதில்லை. சட்டப்படி அவர் வழக்கறிஞர். ஆனாலும் அவர் மறுநாளே தனி அலுவலகம் போட்டு உட்கார்ந்துவிடுவதும் அரிது. ஒரு சீனியரிடம் சேர்கிறார். கட்டுகளைப் படிக்கிறார், வாய்தா வாங்குகிறார், மனு எழுதுகிறார். எந்த வழக்கை எடுப்பது, எதை விடுவது, எந்தச் சாட்சியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதைப் பக்கத்தில் இருந்துதான் கற்க வேண்டும்.

மேலாய்வு ஏறக்குறைய இதுதான். முனைவர் பட்டம் ஒருவர் ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவர் என்பதற்கான பதிவு. அதன்பின் அவர் ஓர் ஆய்வகத் தலைவரிடம் சில ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்கிறார். அமெரிக்காவின் தேசிய முதுமுனைவர் சங்கம் இதை வழிகாட்டுதலோடு கூடிய தற்காலிக ஆராய்ச்சிப் பயிற்சிக் காலம் என்று வரையறுக்கிறது. அதில் பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, முடிவில் பட்டமும் இல்லை. மாதாமாதம் ஊதியமோ உதவித்தொகையோ உண்டு. ‘இன்னும் படிக்கிறான்’ என்று சொல்லும்போது வீட்டிலுள்ளவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான்.

முனைவர் பட்ட ஆய்வில் கேள்வியைப் பெரும்பாலும் நெறியாளர் கொடுத்திருப்பார், மாணவர் விடை தேடியிருப்பார். மேலாய்வில் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதே வேலையாகிறது. எந்தக் கேள்வியை மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம், எதைத் தொட்டால் பத்து ஆண்டுகள் விழுங்கிவிடும், எந்த விடை கிடைத்தாலும் அதனால் யாருக்கும் பயன் இல்லை என்று கணிக்கும் புத்தி அங்கேதான் உருவாகிறது. என் பார்வையில் மேலாய்வின் சாரமே இதுதான். கருவிகளை இயக்கக் கற்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

ஒரு சோதனையை அருகில் நின்று பார்ப்போம்

பேட்டன் ரூஸ் 1911-இல் கோழிகளில் கட்டியை உண்டாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த வைரஸின் எஸ்ஆர்சி என்னும் மரபணுதான் கட்டியை உண்டாக்குகிறது என்பது 1970களின் தொடக்கத்துக்குள் தெளிவாகிவிட்டது. வைரஸுக்கு அந்த மரபணு எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பிஷப், ஹரால்ட் வார்மஸ் ஆய்வகத்துக்கு பிரான்சிலிருந்து மேலாய்வுக்கு வந்திருந்த டொமினிக் ஸ்டெஹெலினிடம் வந்தது. வார்மஸே 1970-இல் பிஷப்பிடம் மேலாய்வாளராக வந்து சேர்ந்து, அங்கேயே இணையாக உயர்ந்தவர்.

வைரஸ் முழுவதிலும் எஸ்ஆர்சி ஒரு சிறு பகுதிதான். அதை மட்டும் பிரித்தெடுக்க அன்று வசதியான வழி எதுவும் இல்லை. ஸ்டெஹெலின் செய்ததைப் புரிந்துகொள்ள, கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை நினைத்துக்கொள்ளலாம். வலக்கால் செருப்புகள் அத்தனையும் ஒரு குவியலில் இருக்கின்றன. இடக்கால் செருப்புகளின் குவியலில் ஒரே ஒரு வீட்டாருடையவை மட்டும் இல்லை. இரண்டு குவியலையும் கலந்து ஜோடி சேர்த்து, சேர்ந்த ஜோடிகளை அப்புறப்படுத்திவிட்டால் மிஞ்சுவது அந்த வீட்டாரின் வலக்கால் செருப்புகள்தான்.

டிஎன்ஏவும் அதன் உறவுக்கார மூலக்கூறான ஆர்என்ஏவும் இப்படி ஜோடி சேரும் இயல்புடையவை. முதலில் முழு வைரஸுக்கும் கதிரியக்கக் குறி இட்ட ஒற்றை இழை டிஎன்ஏ படி தயாரிக்கப்பட்டது. அது வலக்கால் குவியல். எஸ்ஆர்சியை இழந்துவிட்ட, ஆகவே கட்டி உண்டாக்க முடியாத ஒரு வைரஸ் வகையைப் பீட்டர் வோட் என்பவர் வைத்திருந்தார். அதன் ஆர்என்ஏ இடக்கால் குவியல். இரண்டையும் கலந்து, சேர்ந்த ஜோடிகளை ஒரு பிரிப்புக் குழாய் வழியே பிடித்து நீக்கிவிட, ஜோடி கிடைக்காமல் மிஞ்சிய துண்டுகள் எஸ்ஆர்சிக்கு மட்டுமே உரியவை. இத்தகைய தேடு இழைக்கு ஆய்வகங்களில் ‘ப்ரோப்’ என்று பெயர். எழுதும்போது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. செய்து முடிக்கப் பல மாதங்கள் பிடித்தன.

பிறகு அந்த ப்ரோபை, வைரஸே தொடாத ஆரோக்கியமான கோழியின் டிஎன்ஏவோடு சேர்த்தார்கள். அது ஜோடி சேர்ந்தது. காடை, வான்கோழி, வாத்து ஆகியவற்றிலும் சேர்ந்தது. கோழிக்கு மிகத் தூரத்து உறவான ஈமுவிலும் சற்றுத் தளர்வாகச் சேர்ந்தது. உறவு தூரமாகத் தூரமாக ஜோடி தளர்கிறது என்றால், அது நேற்று ஒட்டிக்கொண்ட வைரஸ் எச்சமாக இருக்க முடியாது. பறவைகளின் பொது மூதாதையிலிருந்தே அந்த மரபணு இருந்திருக்க வேண்டும். வைரஸ்தான் அதை எப்போதோ கோழியிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் மரபணு வெளியிலிருந்து வருவதில்லை, நம் செல்லின் சொந்தச் சொத்தே பிறழ்ந்து அப்படி ஆகிறது என்னும் இன்றைய புரிதல் 1976-இல் வெளியான இந்தக் கட்டுரையில் தொடங்குகிறது.

இதில் மேலாய்வாளர் கற்றது என்ன? ப்ரோப் செய்யும் தொழில்நுட்பம் இன்று அருங்காட்சியகத்துக்குரியது. ஆனால் கோழியோடு நிறுத்தாமல் ஈமு வரை போக வேண்டும் என்ற முடிவு இன்றைக்கும் பாடம். கோழியில் மட்டும் பார்த்திருந்தால், ‘பழைய வைரஸ் தொற்றின் மிச்சம்’ என்ற மறுப்புக்குப் பதில் இருந்திருக்காது.

ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் என்ன?

இன்றைய மேலாய்வாளரின் மேசையில் கேள்வி வேறு வடிவில் வருகிறது. டிஎன்ஏவைப் படிப்பது மலிவாகிவிட்டது. பொருள் சொல்வதுதான் கடினமாக இருக்கிறது. குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணுக்குப் பிஆர்சிஏ1 பரிசோதனை செய்கிறார்கள். ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது ஆபத்தானதா, வெறும் அச்சுப் பிழையா? 2015 முதல் அமெரிக்க மரபியல் மருத்துவக் கல்லூரி வகுத்த ஐந்து படி அளவுகோலில் இத்தகைய மாற்றங்களைத் தீங்கானது, தீங்காக இருக்கக்கூடியது, பொருள் உறுதியாகாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது என்று வகைப்படுத்துகிறார்கள். பிஆர்சிஏ1-இல் தீங்கான பிறவிப் பிறழ்வு உள்ள பெண்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும். எனவே நடுவில் உள்ள ‘பொருள் உறுதியாகாதது’ என்ற வரி, அறிக்கையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அலைக்கழிப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு விடை காணும் ஒரு முறையைச் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2018-இல் காட்டியது. ஹாப்1 என்னும் செல்வகையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரே படிதான் உண்டு; ஒற்றை மிதவைத் தொட்டி என்று சொல்லலாம். அதோடு, பிஆர்சிஏ1 இல்லாவிட்டால் அந்தச் செல் பிழைக்காது. மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையால், பிஆர்சிஏ1-இன் முக்கியப் பகுதிகளில் ஏற்படக்கூடிய ஏறத்தாழ 4,000 ஒற்றை எழுத்து மாற்றங்களை இச்செல்களில் உண்டாக்கினார்கள். ஐந்தாம் நாளிலும் பதினோராம் நாளிலும் எந்தெந்த மாற்றம் எத்தனை செல்களில் இருக்கிறது என்று எண்ணினார்கள். ஒரு மாற்றத்தைச் சுமக்கும் செல்கள் குறைந்துகொண்டே போனால், அந்த மாற்றம் மரபணுவை முடமாக்கியிருக்கிறது என்று பொருள். அப்படியே நிலைத்திருந்தால் அது பெரும்பாலும் வெறும் அச்சுப் பிழை. இதே உத்தியை வேறு மரபணுக்களுக்கும் கொண்டுபோகும் வேலை இப்போது பல ஆய்வகங்களில் நடக்கிறது. குடுவையில் செல் வளர்க்கும் ‘ஈர’ வேலையும், கோடிக்கணக்கான எழுத்து வரிசைகளைக் கணினியில் எண்ணும் ‘உலர்’ வேலையும் ஒருவரிடமே சேரும் இடம் பெரும்பாலும் மேலாய்வாளரின் மேசைதான்.

சுருங்கச் சொன்னால், பிறழ்வைக் கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. அது எதையாவது செய்கிறதா என்று நிரூபிப்பதே மீதி.

தன் முடிவைத் தானே சந்தேகிப்பது

ஒரு முடிவு தற்செயலாக வந்துவிடும் வாய்ப்பு 20-இல் ஒன்றுக்கும் குறைவு என்றால் அதை ஏற்கலாம் என்று பல துறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஒரு மரபணுவைச் சோதித்தால் அது சரிதான். ஆனால் 20,000 மரபணுக்களையும் ஒரே மூச்சில் சோதித்து இதே அளவுகோலை வைத்தால், உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும் சுமார் 1,000 மரபணுக்கள் ‘தொடர்புடையவை’யாகத் தோன்றும். ஆயிரக்கணக்கானோர் லாட்டரிச் சீட்டு வாங்கியிருக்க, பரிசு விழுந்தவரிடம் மட்டும் போய் அவர் கிழக்குப் பார்த்து நின்று வாங்கியதுதான் காரணமோ என்று ஆராய்வது போன்ற வேலை இது. அதனால்தான் முழு டிஎன்ஏவையும் அலசும் ஆய்வுகளில், இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு என்னும் கடுமையான அளவுகோலைக் கேட்கிறார்கள்.

இதைவிடச் சங்கடமான சந்தேகம் குடுவையைப் பற்றியது. எம்டிஏ-எம்பி-435 என்ற செல்வரிசை (ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்) 1976-இல் மார்பகப் புற்றுநோய் நோயாளி ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டதாகப் பதிவாகி, உலகம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் பயன்பட்டது. 2000-இல் பல செல்வரிசைகளில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று ஒப்பிட்டபோது, இது மட்டும் தோல் புற்றுநோயான மெலனோமாக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. பின்னர் நடந்த சோதனைகளில், எம்14 என்னும் மெலனோமாச் செல்வரிசையும் இதுவும் ஒன்றே என்று தெரியவந்தது. இத்தனைக்கும் அந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். குடுவையின் மேல் ஒட்டிய சீட்டை நம்பினார்கள், அவ்வளவுதான். இன்று பல ஆய்விதழ்கள் செல்வரிசையின் அடையாளச் சோதனையை எதிர்பார்க்கின்றன. புதிதாகச் சேரும் மேலாய்வாளர் உறைபெட்டியிலிருந்து எடுக்கும் குப்பியை முதலில் அடையாளச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வரும் முடிவு பிடிக்காவிட்டாலும், மூன்று ஆண்டு கழித்து வருவதைவிட அப்போதே வருவது மேல்.

துறை மாறும் வாசல்

முனைவர் பட்டம் எந்தப் பொருளில் வாங்கினோமோ அதிலேயே மேலாய்வு செய்ய வேண்டும் என்பதில்லை. மேரி-கிளேர் கிங் 1973-இல் பெர்க்லியில் வாங்கிய முனைவர் பட்டம் மனிதருக்கும் சிம்பன்சிக்கும் உள்ள மரபியல் ஒற்றுமை பற்றியது. புற்றுநோய் அதில் எங்கும் இல்லை. பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் மேலாய்வுக்குச் சேர்ந்தபோதுதான் மார்பகப் புற்றுநோய் அவர் கைக்கு வந்தது. சில குடும்பங்களில் இந்நோய் ஒற்றை மரபணு வழியாக இறங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்ட கருத்தை அன்று பலர் நம்பவில்லை. 1990-இல் 23 குடும்பங்களின் தரவுகளைக் கொண்டு, இளம் வயதில் வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் (டிஎன்ஏ இழை சுருண்டிருக்கும் கட்டுகளில் ஒன்று) இருக்கிறது என்று காட்டினார். அதுதான் பிஆர்சிஏ1. வேறொரு குழு 1994-இல் அதைத் துல்லியமாகப் பிரித்தெடுத்தது. மேலாய்வில் எடுத்த கேள்விக்கு விடை வர 16 ஆண்டுகள் ஆயின. மூன்று ஆண்டுகளில் முடியும் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது நேர் எதிரான சான்று என்பது எனக்குத் தெரியும். அறிவுரைகள் இப்படித்தான் இருக்கும்.

காசு, காலம், விசா

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் தரும் மேலாய்வு உதவித்தொகை, புதிதாகச் சேர்பவருக்கு 2024 நிதியாண்டில் ஆண்டுக்கு 61,008 டாலராக இருந்தது. பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு அது கிடைக்கும். ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே அது உரியது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர் வாங்கிய திட்ட நிதியிலிருந்துதான் சம்பளம் வரும். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். ஜே-1 விசாவில் ஆய்வாளராகப் போனால் ஐந்து ஆண்டுகளே உச்ச வரம்பு. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைவரின் புகழை விசாரிப்பவர்கள், அவருடைய திட்ட நிதி எந்த ஆண்டோடு முடிகிறது என்பதையும் விசாரிப்பது நல்லது.

அதே நிறுவனம் தரும் கே99 என்னும் நிதி வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது. அதில் இரண்டு ஆண்டுகள் வரை வழிகாட்டியின் கீழும், பிறகு மூன்று ஆண்டுகள் வரை சொந்த ஆய்வகத்திலும் செலவிடலாம். ஜூனியருக்குத் தனி அலுவலகம் போடப் பாலம் கட்டிக் கொடுக்கும் ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம்.

முதல் பெயரும் கடைசிப் பெயரும்

உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளில் பெயர்களின் வரிசைக்குப் பொருள் உண்டு. சோதனைகளை முன்னின்று செய்தவர் முதலில் வருவார். ஆய்வகத்தையும் நிதியையும் கேள்வியின் பொறுப்பையும் தாங்கியவர் பெரும்பாலும் கடைசியில் வருவார். மேலாய்வாளர் தேடுவது முதல் பெயரை. ஆக விரும்புவது கடைசிப் பெயராக.

வரிசை எப்போதும் நியாயம் தராது. 1976 கட்டுரையில் முதல் பெயர் ஸ்டெஹெலினுடையது. 1989-இல் அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அது பிஷப்புக்கும் வார்மஸுக்கும் போயிற்று. பிரான்சுக்குத் திரும்பியிருந்த ஸ்டெஹெலின் தாம் விடப்பட்டதை வெளிப்படையாக எதிர்த்தார். கேள்வி யாருடையது, உழைப்பு யாருடையது, இரண்டில் எதற்குப் பரிசு என்ற வழக்கு அன்று தீரவில்லை. ஒவ்வொரு ஆய்வகத்திலும் சின்ன அளவில் அது இன்றும் நடக்கிறது.

நட்சனின் கணக்குக்குரிய மரபணுவுக்கு இப்போது திரும்பலாம். விழித்திரைக் கட்டிகள் சிலவற்றில் டிஎன்ஏவின் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைப் பாஸ்டன் கண் மருத்துவர் தாடியஸ் டிரைஜா கவனித்திருந்தார். ராபர்ட் வைன்பெர்க் ஆய்வகத்தில் மேலாய்வாளராக இருந்த ஸ்டீஃபன் ஃப்ரெண்ட் அவரோடு சேர்ந்தார். 1986-இல் ஆர்பி மரபணு வெளிவந்தது. அக்கட்டுரையின் முதல் பெயர் ஃப்ரெண்டுடையது. மனிதக் கட்டி ஒடுக்கும் மரபணு ஒன்று கைக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

பின்னர் ஃப்ரெண்ட் பாஸ்டனில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். அங்கே மேலாய்வுக்கு வந்தவர் கனடாவைச் சேர்ந்த குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் டேவிட் மால்கின். ஒரே குடும்பத்தில் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் பலவகைப் புற்றுநோய்கள் வரும் அரிய நிலை ஒன்றை ஃபிரெடரிக் லி, ஜோசப் ஃப்ராமெனி இருவரும் 1969-இல் விவரித்திருந்தனர். அத்தகைய குடும்பங்கள் மிகச் சில. அவற்றிலும் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இறந்துவிட்டார்கள். எனவே கிங் செய்தது போலக் குடும்ப மரங்களை வைத்துக் குரோமோசோமில் இடம் தேட வழியில்லை. தேடுவதை விட்டுவிட்டு, கட்டிகளில் அடிக்கடி பழுதாவதாக அப்போதுதான் தெரியவந்திருந்த டிபி53 என்னும் ஒரு மரபணுவை மட்டும் சந்தேகப்பட்டு நேராகச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். ஐந்து குடும்பங்களிலும் அது பிறவியிலேயே பிறழ்ந்திருந்தது. 1990-இல் வெளியான அந்தக் கட்டுரையில் முதல் பெயர் மால்கின், கடைசிப் பெயர் ஃப்ரெண்ட்.

மால்கின் டொராண்டோவுக்குத் திரும்பிக் குழந்தைகள் மருத்துவமனையில் தம் ஆய்வகத்தை அமைத்தார். டிபி53 பிறழ்வோடு பிறந்த குழந்தைகளுக்குக் கட்டி வரும் வரை காத்திராமல், குறித்த இடைவெளிகளில் இரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஆண்டுக்கொரு முறை உடல் முழுவதற்குமான எம்ஆர்ஐ என்று தேடிப் பார்த்தால் உயிர் பிழைப்பவர் கூடுகிறார்களா என்பது அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. கூடுகிறார்கள் என்று காட்டிய கட்டுரை 2011-இல் வெளியானது. அதில் மால்கினின் பெயர் கடைசியில் இருக்கிறது.